குடிக்காதவர் கட்டிய கயிறு

குடிகாரன் மகளுக்கு மூக்கு கூர்மை. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா பழனியாண்டி மேட்டுப் பாதையில் ஏறி வரும்போதே எவ்வளவு குடித்திருக்கிறார், எதைக் குடித்திருக்கிறார், இன்றைக்கு அடி அம்மாவுக்கா எனக்கா என்பதெல்லாம் ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். பாட்டிலைத் தேயிலைச் செடிக்குள் ஒளிப்பார், விறகுக் கட்டுக்குள் ஒளிப்பார், ஒருமுறை அரிசிப் பானைக்குள்ளேயே புதைத்து வைத்தார். பிடிபட்டால் என் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்வார். அந்தக் கை இரும்பாகக் கனக்கும். அவர் செய்த சத்தியமெல்லாம் பலித்திருந்தால் நான் பத்து வயதைத் தாண்டியிருக்க மாட்டேன்.

அதனால் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் கேட்டது ஒரே கேள்வி. மாப்பிள்ளை குடிப்பாரா? சபையில் பெண்பிள்ளை வாயைத் திறக்கிறதாவது என்று பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மாப்பிள்ளைதான் தேத்தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பதில் சொன்னார்.

"நமக்கு அந்த வாசமே ஆகாதுங்க. நாள் பூரா மருந்து வாசம். சாயந்தரமும் அதையேவா மோந்துகிட்டு இருக்கறது?"

அவர்தான் வீரையா. எஸ்டேட்டில் தேயிலைக்குப் பூச்சி மருந்தடிக்கிற வேலை. எட்டு வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். சேரங்கோட்டுப் பக்கத்து மலைச் சரிவுகளில் முதுகில் மருந்து டின்னைக் கட்டிக்கொண்டு முப்பது வருடம் ஏறி இறங்கியவர். அந்தப் பதிலுக்காகத்தான் நான் கழுத்தை நீட்டினேன். இருபத்தாறு வருடம் அந்தப் பேச்சை அவர் காப்பாற்றினார். நம்புவதாகச் சொன்ன பேச்சைக் காப்பாற்றாதவள் நான்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவருக்கு முதுகு வலி ஆரம்பித்தது. மருந்து டின் சுமக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் பல்லா வலிக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு வலி முன்பக்கமும் வந்தது. சோறு இறங்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். தேயிலைக்குள் நடக்கும்போது கால் பின்னியது. ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்திலேயே தடுமாறி விழுந்தார். பேச்சும் ஒருமாதிரி குழறியது. சூப்பர்வைசர் சிரித்தாராம். "வீரையா, காலையிலயே ஆரம்பிச்சுட்டியா?"

பந்தலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். ரத்தம் எடுத்து, மாலையில் காகிதம் வந்தது. அதில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அமைலேஸ், அறுநூற்று நாற்பது. நூறுக்குள் இருக்க வேண்டியதாம்.

"எத்தன வருசமாக் குடிக்கறீங்க?" என்றார் டாக்டர், தலையை நிமிர்த்தாமல்.

"குடிக்கறதில்லைங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. கணையம் வீங்குனா இந்த நம்பர் ஏறும். நம்ம பக்கத்து ஆம்பளைங்களுக்குக் கணையம் எதனால வீங்கும்? சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்கு மணியடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் பார்க்கிற நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே சில்வஸ்டர் அண்ணனிடம் போனேன். எஸ்டேட் மருந்தகத்தில் கம்பவுண்டர். நல்ல மனுசன். மாலை ஆறு மணிக்கு மேல் அவருக்கே கை நடுங்கும், அந்த நடுக்கத்துக்கு மருந்து எங்கே கிடைக்கும் என்பதும் ஊருக்கே தெரியும். காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குப் போன வருசம் முந்நூறு இருந்துச்சு வனிதா. அதுக்கே டாக்டர் என்னைய நாய்த் திட்டு திட்டுனாரு. அறுநூத்தி நாப்பதுன்னா வீரையா எனக்கு அண்ணன்."

சிரிக்கத்தான் சொன்னார். குடியில் கரை கண்ட ஆளே சொன்ன பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலை முதல் நான் மறுபடியும் ஒன்பது வயதுப் பிள்ளையானேன். அவர் வேலைக்குப் போனதும் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். விறகடுக்கைப் பிரித்தேன், அரிசிப் பானையில் கையை விட்டுத் துழாவினேன், மருந்து டின்னைக்கூடக் கவிழ்த்து மோந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மாலையில் அவர் உள்ளே நுழைந்ததும் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுப்பேன். மருந்து வாசமும், வயிற்றுக்காக அவர் மென்ற இஞ்சி வாசமும்தான் வரும். என் மூக்கு இல்லை என்று சொன்னது. காகிதம் உண்டு என்று சொன்னது. நான் காகிதத்தை நம்பினேன். வாசமில்லாத சரக்கும் இருக்கிறதாமே, மீறி வருகிற வாசத்தை மறைக்கத்தான் இஞ்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் முதலில் இஞ்சிதான் மென்றார்.

"சத்தியமா இல்ல புள்ள" என்று ஒருநாள் அவர் என் தலைப் பக்கம் கையைக் கொண்டுவந்தார். தட்டிவிட்டேன்.

"தலைல மட்டும் கை வெக்காதீங்க. எங்கப்பன் வெச்ச கையே போதும்."

அதற்குப் பிறகு அவர் சத்தியம் செய்யவில்லை. வாதாடவும் இல்லை. வாதாட உடம்பில் தெம்பு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. குற்றம் செய்தவன்தான் பேசாமல் இருப்பான் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த வீட்டு இசக்கியம்மாதான் கயிறு கட்டச் சொன்னாள். அவள் புருசனுக்கு மூன்று முறை கட்டி மூன்று முறையும் அறுந்த கயிறு அது. எங்கள் பக்கத்தில் குடியை விட வைக்க ஆளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். லயத்துக்குக் கீழே முனியாண்டி இருக்கிறார்தான். ஆனால் அவருக்கே படையலில் பாட்டில் வைக்கிறோம், அவரிடம் போய்க் குடியை நிறுத்து என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? அதனால் இதற்கு மட்டும் மாரியம்மன். கயிறு கட்டுகிறவன் எல்லோர் முன்னிலையிலும் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். இதுவரை குடித்தேன் தாயே. இனித் தொட மாட்டேன் தாயே. கூட்டி வந்தவள் பக்கத்தில் சாட்சியாக நிற்க வேண்டும்.

"கயிறு கட்டுனா நான் குடிச்சேன்னு ஆயிரும் புள்ள" என்றார் அவர்.

"கட்டலைன்னா நான் திருப்பூருக்கு, பிரியாகிட்டப் போயிருவேன்."

எங்கள் ஒரே மகள் பிரியா. அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் போய்விடுவேன் என்று அவர் நம்பினார். நான் சொல்வதை அவர் எப்போதும் நம்புவார்.

வெள்ளிக்கிழமை. கோயிலில் லயமே திரண்டிருந்தது. மருந்தடிக்கிற வீரையா கயிறு கட்டுகிறானாம் என்றால் வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசாரி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "சொல்லுப்பா, இதுவரை குடிச்சேன் தாயே" என்றார்.

அவர் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுப்பா."

"சொல்லுங்க" என்றேன் நான். என் குரல் எனக்கே அம்மாவின் குரலாகக் கேட்டது.

அவர் அம்மனைப் பார்த்தார். "தொட்டதில்ல தாயே. தொடவும் மாட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முதல் வாக்கியம் சொல்லாமல் கட்டக்கூடாது. இன்னொரு முறை கேட்டார்.

"சாமி முன்னால பொய் சொல்ல முடியாதுங்க" என்றார் அவர் மெதுவாக. "கட்டறதுன்னாக் கட்டுங்க. நிக்க முடியல."

கட்டிவிட்டார்கள். வரும் வழியில் அவர் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு இடத்திலும் நான் பத்தடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது. இப்போது அந்தப் பத்தடியை நினைத்தால்தான் அவமானமாக இருக்கிறது.

கயிறு கட்டி ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்தபோது ஆயிரத்து முந்நூற்று எண்பது. மாரியம்மனுக்குக் கொடுத்த வாக்கையே மீறிவிட்டார் என்று லயம் முழுக்கப் பேச்சு. இசக்கியம்மா வந்து, "எம்புருசங்கூட ஒரு மாசம் தாங்குனாரு வனிதா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அந்த வாரம் அவர் வாசற்படியில் குனிந்து செருப்பை எடுத்தார், அவ்வளவுதான். முதுகில் ஏதோ முறிந்தமாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜீப் பிடித்துக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ரத்தப் பரிசோதனை அறையில் இருந்த பெண்ணுக்கு சசிரேகா என்று பெயர், குன்னூர்க்காரி. பழைய காகிதம் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தாள். ரத்தத்தைச் சொட்டு விட்டுக் கருவியில் பார்த்துவிட்டு, எழுந்து வெளியே வந்தாள். காகிதத்தை விட்டுவிட்டு மனுசன் முகத்தைப் பார்க்க முதல்முதலாக எழுந்து வந்தவள் அவள்தான்.

"ஏனுங்கண்ணா, முதுகு மட்டுந்தான் வலிக்குதுங்களா? விலா எலும்பு, இடுப்பு?"

"எல்லாந்தான் வலிக்குதும்மா."

"தண்ணி ரொம்பக் குடிக்கறீங்களா?"

"அதான் சொல்றனே..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பச்சத் தண்ணியக் கேக்கறனுங்க்கா" என்றாள் அவள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "குடியில கணையம் கெட்டிருந்தா இதோட லைபேஸுன்னு இன்னொண்ணும் சேந்து ஏறியிருக்கணும்ங்க்கா. அதை யாரும் பாக்கவே இல்ல. நான் இப்பத்தான் பாத்தேன், சரியா இருக்குது. ஆனா ரத்தத்துல புரோட்டீன் ரெண்டு பங்கு. ரத்த அணுவெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. எனக்குத் தெரிஞ்சு இது குடி இல்லைங்க. டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். கோயம்புத்தூர் போகணும்."

குடி இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அடுத்த வார்த்தைதான் காதில் விழுந்தது. கோயம்புத்தூர். எங்கள் பக்கத்தில் கோயம்புத்தூருக்கு அனுப்பினால் அது என்ன வியாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஊட்டி வழியாக ஆறு மணி நேரம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே என் கையைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். இடுப்பெலும்பில் ஊசியைத் திருகி உள்ளே இருக்கிற மஜ்ஜையை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வருகிற புற்றுநோய்.

"அப்ப அந்த அமைலேஸு?" என்றேன். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. புற்றுநோயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் கேட்டேன்.

"வெறும் சோத்த மென்னுகிட்டே இருந்தா இனிக்குமில்லம்மா? அப்படி இனிக்க வைக்கிறது அமைலேஸ்தான். எச்சில்லயும் கணையத்துலயும் ஊறும். இவருக்கு எலும்புக்குள்ள கெட்டுப்போன செல்லுங்க அத உண்டாக்குது. அதுங்களுக்கு அந்த வேலையே கிடையாது. ஆனாலும் செய்யுது. ரொம்ப அபூர்வம். இத்தன வருசத்துல நான் ரெண்டாவதாப் பாக்கிற ஆளு இவரு." பிறகு என்னைப் பார்த்து, "இவரு குடிக்கிறவரா?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சாட்சி.

"ஒரு சொட்டு தொட்டதில்லைங்க" என்றேன்.

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா நோய்க்காக அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். பயிற்சி டாக்டர்கள் எட்டுப் பேர் வந்து அவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அபூர்வமான மனுசனாம். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டியது.

வார்டில் அவருடைய கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்தேன்.

"விடு புள்ள. என்னாத்துக்கு இப்ப?"

"அறுத்துப் போடறேன். எனக்குப் பார்க்கச் சகிக்கல."

"இருக்கட்டும். தொட மாட்டேன்னுதானே சாமிகிட்டச் சொன்னேன்? அதுல பொய் ஒண்ணும் இல்லையே. நேந்து கட்டுனத எதுக்கு அறுக்கணும்?"

என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தலையணையைச் சரி செய்யச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மன்னிப்புக் கேட்க இடமே கிடைக்கவில்லை, இன்றுவரை.

அதற்குப் பிறகு எங்கள் நாளெல்லாம் பஸ்ஸிலேயே போனது. வாராவாரம் வயிற்றில் ஊசி, தினமும் மாத்திரை, மாதத்துக்கு ஒருமுறை கூடலூரில் சசிரேகாவிடம் ரத்தம். அந்த நம்பர் எங்களுக்கு ஒரு வசதி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நோய் இறங்கினால் அதுவும் இறங்கும், நோய் ஏறினால் அதுவும் ஏறும். ஆயிரத்து முந்நூற்று எண்பது அறுநூறானது, நூற்று நாற்பதானது, ஏழாவது மாதம் எழுபத்து நான்கு. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு லயத்தின் தொங்கலில் இருக்கிற கடைசி வீடு வரை நடந்து போய்வந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது.

லயத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "கயிறு வேல செஞ்சிருச்சு பாத்தியா?" என்றாள் இசக்கியம்மா. "மாரியம்மா லேசுப்பட்டவளா?"

நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அது குடியே இல்லை, எலும்புக்குள் இருக்கிற நோய், டாக்டரம்மா சொன்னார், காகிதம் இருக்கிறது. கொழுந்தெடுக்கிற இடத்தில் சொன்னேன், நிறுவை போடுகிற இடத்தில் சொன்னேன், குழாயடியில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். புருசனை விட்டுக்கொடுக்காத பொம்பளை என்று என்னை மெச்சவும் செய்தார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. காலரைப் பிடித்து உலுக்கலாம்போல் வரும். பிறகு நினைத்துக்கொள்வேன், நீ நம்பினாயா? சில்வஸ்டர் அண்ணன் ஒருவர்தான் தேடி வந்து, "தப்பாச் சொல்லிட்டேன் வீரையா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கும் ஆறு மணி தாண்டியிருந்தது.

"அட விடுங்கண்ணே, நம்பர் அப்படி" என்றார் இவர்.

ஒன்றேகால் வருடம் அப்படி ஓடியது. மனுசி களைத்துப் போனேன் என்பதை ஒளிப்பானேன்? கொழுந்தெடுத்துவிட்டு வந்து அவருக்குக் கஞ்சி வைத்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, பஸ்ஸுக்கு ஓடி, லீவு கேட்டுச் சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி, என் முழங்கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. ஆனாலும் அந்த நம்பர் நூறுக்குள் இருக்கிறவரை எனக்குத் தூக்கம் வந்தது.

போன மாதம் நூற்றுப் பதினெட்டு. "சில சமயம் அப்படி இருக்கும்ங்க்கா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றாள் சசிரேகா. செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனோம். இந்த முறை அவள் காகிதத்தைச் சன்னல் வழியாக நீட்டவில்லை. எழுந்து வெளியே வந்தாள். அவள் எழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இருநூற்று எண்பத்தாறு.

"இந்த வாரமே கோயம்புத்தூர் போயிருங்க்கா. வேற மருந்து இருக்குது. மாத்திப் பாப்பாங்க."

அவள் என் கையைப் பிடித்தபடி அதைச் சொன்னாள். மருந்து இருக்கிறது என்பதைக் கையைப் பிடித்தா சொல்வார்கள்?

இரண்டு மணி பஸ்ஸில் ஏறினோம். அவரைச் சன்னல் ஓரம் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு நின்றது. நாடுகாணி தாண்டியும் அவர் காகிதத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. பஸ் வளைந்து வளைந்து ஏற, என் மனதும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

முந்தின சனிக்கிழமைதான் சில்வஸ்டர் அண்ணன் மகள் கல்யாணம். சர்ச்சுக்குப் பின்னால் ஆண்களெல்லாம் கூடி நின்றார்கள். என்ன நடக்கும் அங்கே என்று எனக்குத் தெரியாதா? இவரும் ஒரு மணி நேரம் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவேளை குடித்திருந்தால்? எல்லோரும் வற்புறுத்தி, ஒரு வாய், இரண்டு வாய்? மாரியம்மா, நான் உன்னிடம் இதைக் கேட்பேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். இவர் குடித்திருக்க வேண்டும் தாயே. மொடாக் குடிகாரனாக இருந்தாலும் பரவாயில்லை. பாட்டிலை அரிசிப் பானையில் ஒளிக்கட்டும், பாதையில் விழுந்து கிடக்கட்டும், நான் தூக்கி வந்து சோறு போடுகிறேன். இந்த நம்பர் குடியால் ஏறியதாக இருக்கட்டும்.

குடித்து ஏறுகிற நம்பர் இல்லை இது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக நானேதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தேன். தெரிந்தும் கேட்டேன்.

"ஏங்க, சனிக்கிழமை கல்யாணத்துல குடிச்சீங்களா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பழைய பயம் ஒரு நொடி அவர் கண்ணில் வந்து போனது. மறுபடியுமா என்று கேட்கிற பயம். வாயைத் திறந்தார். இல்லை என்றுதான் சொல்ல வந்தார், எனக்குத் தெரியும். அப்போது என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, வாயை மூடிக்கொண்டார்.

மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு நிறமெல்லாம் போய் வெளுத்துக் கிடந்தது. கை மெலிந்ததால் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினார்.

"ஆமா புள்ள" என்றார். "குடிச்சேன்."

எனக்கு மூச்சு வந்தது. "எவ்வளவு?"

"ஒரு கிளாஸு."

"ஒரு கிளாஸா? பொய் சொல்லாதீங்க."

"ரெண்டு கிளாஸு."

"என்னாத்தக் குடிச்சீங்க?"

அவர் யோசித்தார். எங்கள் லயத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக்கூட நான்கு சரக்குப் பெயர் தெரியும். இவருக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

"பேரு தெரியல புள்ள. செவப்பா இருந்துச்சு. இனிப்பா."

கல்யாணத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்த ரோஸ்மில்க் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் திட்ட ஆரம்பித்தேன். நாசமாப் போற மனுசா, கட்டையில போறவனே, கயித்தக் கட்டிக்கிட்டே குடிக்கிறியே, உனக்கு வெக்கம் மானம் இருக்கா, உனக்கு வாக்கப்பட்டு நான் என்ன சொகத்தக் கண்டேன். என் அம்மாவின் வாயிலிருந்து கேட்டு வைத்திருந்த அத்தனை வசவும் வந்தது. இருபத்தாறு வருடம் 'ங்க' போட்டுப் பேசிய புருசனை 'நீ', 'வா', 'போ' என்று பேசினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சேச்சி, கொறச்சு மெல்ல" என்றார் கண்டக்டர். இவரோ தலையைக் குனிந்து, குடிகாரன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தேவாலா வந்தது. பந்தலூர் வந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

கடைசியில் வசவெல்லாம் தீர்ந்த பிறகுதான் நிறுத்தினேன்.

"இனிமேத் தொட மாட்டேன் புள்ள" என்றார் அவர்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கையை எடுத்து என் தலைமேல் வைத்தார். இந்த முறை நான் தட்டிவிடவில்லை. எங்கள் ஸ்டாப் வரும்வரை அந்தக் கை அப்படியே இருந்தது. அதில் கனமே இல்லை.